மீனைக் கோபப்படுத்துகிறவள்

காலணி ஆலை மலிவான ஊர் தேடிக் கப்பலேறிய பிறகு
பூசான் துறைமுகத்தை ஒட்டிய யோங்தோ தீவில்
ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வாய்த்த வேலை:
மீனைக் கோபப்படுத்துவது.

சம்பளச் சீட்டில் வேறென்னவோ போட்டிருக்கிறார்கள்.

விலாங்கு என்று நினைத்துவிடாதீர்கள்.
விலாங்குக்குப் பாம்பிடம் காட்ட ஒரு தலை,
மீனிடம் காட்ட ஒரு வால்.
இது யாருக்கும் எதையும் காட்டுவதில்லை.
தாடை கிடையாது. முதுகெலும்பு கிடையாது.
கண் இருக்கவேண்டிய இடத்தில்
தோலுக்கடியில் வெளிறிய ஒரு பொட்டு.
இதயம் மட்டும் நான்கு.

சந்தையில் இதற்குக் கொம்ஜாங்கோ என்று பெயர்.
மிளகாய் விழுதில் புரட்டித் தணலில் போடுவார்கள்.
நேற்றிரவும் தின்றேன்.
காலையில் தொட்டியருகே குனிந்தபோது
நாக்கில் பூண்டு மிச்சமிருந்தது.

வெளிச்சம் எட்டாத ஆழத்தில்
செத்து விழுந்த திமிங்கலத்தின் வயிற்றில் புகுந்து
வாயாலும் தின்னும், தோலாலும் தின்னுமாம்.
அடுத்த பிணம் விழ மாதங்கள் ஆனாலும்
பசியோடு சும்மா கிடக்குமாம்.
முனைவர் பியோன் ஹே-வோன் விளக்கிக்கொண்டிருந்தாள்.
ஆலை மூடிய குளிர்காலத்தில் இருந்தேன் நான்.

மயக்கிய உடம்பின் விலாவோரம்
மெல்லிய மின்துடிப்பு ஒன்று.
துளை வரிசையிலிருந்து பால்போல் கசியும்,
ஒரு சிட்டிகை.
அது வாளியில் விழுந்து நான் இமைப்பதற்குள்
வாளித் தண்ணீர் மொத்தமும்
எழுந்து நின்றுவிட்டது.
கைவிட்டுத் தூக்கினேன்,
துவைத்த போர்வைபோல் தொங்கியது கடல்.

கடிக்க வந்த சுறாவின் செவுளில்
இதுதான் போய் அடைக்கும்.
அது திணறி விலக,
இது தன் உடம்பையே முடிச்சிட்டு
முடிச்சை வாலிலிருந்து தலைவரை உருவி
தன் கோழையைத் தானே வழித்துக்கொண்டு
ஒரு தும்மல் தும்மிப் போய்விடும்.
இப்படிச் சண்டை போடத் தெரிந்தவர்
எங்கள் தொழிற்சங்கத்தில் ஒருவரும் இருந்ததில்லை.

நுண்ணோக்கியில் பார் என்றாள்.
ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் ஒரு நூற்கண்டு.
பிரித்தால் சாணுக்குக் கொஞ்சம் குறைவு,
முடியை ஐம்பதாய்க் கிழித்த மெலிவு,
எங்குமே சிக்கில்லை.
பதினொரு வருடம்
தையல் எந்திரத்தில் கண்டு மாற்றிய கை
கண்ணாடித் தகட்டருகே நடுங்கியது.
யார் சுற்றியது இதை?

நைலானுக்கு மண்ணெடுத்த எண்ணெய் வேண்டும்,
கொதிகலன் வேண்டும்.
எங்கள் பசைப் பிரிவுக்கு
புன்-நம்மின் நுரையீரல் வேண்டியிருந்தது.
இதற்குப் போதும்
குளிர்ந்த உப்புநீர்.

ஆனால் காய்ந்ததும் முரண்டு பிடித்தது.
ஒன்றோடொன்று ஒட்டி, தொட்டால் பொடிந்தது.
இரண்டு வருடம்.
ஒரு மாலை, பேருந்துக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில்
ஈரமாய் இருந்ததையே இடுக்கியால் இழுத்தேன்,
இருமடங்கு நீண்டது, திரும்பிச் சுருங்கவில்லை.
காலையில் பட்டாகக் கிடந்தது.
அறிக்கையில் அதை
‘செயல்முறைத் திருத்தம்’ என்று எழுதினார்கள்.
என் பேருந்தைப் பற்றி ஒன்றுமில்லை.

பிறகு கோட்டுப் போட்டவர்கள் வந்தார்கள்.
குண்டு துளைக்காத சட்டை ஆகுமா என்றார்கள்.
கடித்தவனைக்கூடக் கொல்லாத ஒன்றிடமா
இதைக் கேட்பது என்று
தேநீர் ஊற்றியபடி நான் கேட்கவில்லை.
எனக்கு ஒரு கையுறை போதும்.
பசை ஊறாதது.
புன்-நம் அளவு, இடது கை கொஞ்சம் பெரிது.

இப்போது புரதத்தைப் பாக்டீரியா சமைக்கிறது.
தொட்டியில் கடைசி ஒன்பதுக்கும் நேராக
‘உபரி’ என்று பட்டியலில் எழுதியாயிற்று.
சந்தைக்கு என்றால் ஒரு வேளைச் சாப்பாடு.
பொறிப்படகு மோக்கிடம் கொடுத்தேன்,
கூண்டை மூடாமல்
பிடித்த ஆழத்துக்கே இறக்கச் சொல்லி.
கிறுக்கு என்றான். இறக்கினான்.

ஒரு மணிநேரம் கழித்து
காலியாய் மேலே வந்தது கூண்டு.
கம்பிக்குக் கம்பி கோழை,
என் சட்டைக் கையிலும் வடிந்தது.

இன்னும் கோபம் தீரவில்லை.
நல்லது.